வெங்காயம் இல்லாமல் ஒரு ரவா தோசை

ஓட்டலில் உட்கார்ந்து, "வெங்காயம் இல்லாம ஒரு ரவா தோசை" என்கிறீர்கள். சர்வர் பவ்யமாகத் தலையாட்டுகிறார். வருவது ஆனியன் ஊத்தப்பம். தட்டோரம் ஒரு துண்டுச் சீட்டு: "விடுபட்டது: ரவா தோசை. கட்டாயம் வேண்டுமா?"

என்ன செய்வீர்கள்? சத்தம் போடுவீர்கள், இல்லை எதிர்க்கடைக்குப் போவீர்கள். ஊரில் பத்துக்கு ஒன்பது பேர் சாப்பிடுவது அந்த ஒரு கடையில்தான் என்றால்? வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் ஒதுக்கிவிட்டு ஊத்தப்பத்தைத் தின்பீர்கள். இணையத்தில் நாம் தினமும் தின்பது அந்த ஊத்தப்பத்தைத்தான்.

சீட்டு கற்பனை என்று நினைக்காதீர்கள். கூகுளில் நான்கு சொல் போட்டுத் தேடுங்கள். பல முடிவுகளுக்குக் கீழே, சாம்பல் நிறப் பொடி எழுத்தில், உங்கள் சொற்களில் ஒன்று குறுக்கே கோடிழுத்துக் கிடக்கும். இந்தப் பக்கத்தில் இது இல்லை, கட்டாயம் வேண்டுமென்றால் இங்கே தட்டு என்று பொருள். பல நேரம் அடிபடுவது எது? மருந்தின் பெயர், உதிரிபாகத்தின் எண், ஊர்ப்பெயர். கேள்வியே அந்த ஒரு சொல்தான். மணப்பெண் பெயரை விட்டுவிட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்த அச்சகக்காரன், "பெண் பெயரும் வேணுமா சார்?" என்று கேட்டால் நாம் சும்மா விடுவோமா?

இதையெல்லாம் கோளாறு என்று சொல்லி நாம்தான் அவர்களை மரியாதையாக நடத்துகிறோம். வரலாறு வேறு சொல்கிறது. ஒரு சொல்லின் முன்னால் கூட்டல் குறி போட்டால் அது இருந்தே ஆக வேண்டும் என்ற வசதி ஒரு காலத்தில் இருந்தது. 2011 ஜூனில் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் பிறந்தது. அக்டோபரில் கூட்டல் குறி நம்மிடமிருந்து பிடுங்கப்பட்டது. நவம்பரில் அதே குறி, பிளஸ் பக்கங்களுக்குப் போகும் குறுக்குவழியாக மறுபிறவி எடுத்தது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மண்டையைப் போட்டது. குறி மட்டும் திரும்பவில்லை. பிள்ளை பிறந்தநாளுக்கு என்று பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வாங்கிப் போனவர், பிள்ளையே போன பிறகும் அதைத் திருப்பித் தரவில்லை.

பிறகு வரிசையாகப் பாடை கட்டினார்கள். ஒத்த பொருளுள்ள சொற்களையும் சேர்த்துத் தேடும் அலைக்குறி 2013-ல் போனது. ஒரு பக்கத்துக்கு யார் யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டிய கட்டளை 2017-ல். மறைந்த பக்கத்தின் சேமித்த பிரதியைக் காட்டிய கட்டளை 2024-ல். மிஞ்சியவற்றில் ஒன்று மேற்கோள் குறி. அதற்குள் போட்ட வாசகம் கிடைக்காவிட்டால், குறியைத் தானே கழற்றி எறிந்துவிட்டு வேறெதையோ அள்ளிக் கொட்டுகிறது. "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தும் நேர்மை பெட்டிக்கடை அண்ணாச்சிக்குக்கூட இருக்கிறது. கழித்தல் குறிக்கும் சொல்லுக்கும் நடுவே தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தால் போதும். விலக்கச் சொன்னதையே சேர்த்துத் தேடும். எச்சரிக்கை ஒன்றும் வராது.

முடிவுகளின் எண்ணிக்கை இன்னொரு கூத்து. "சுமார்" என்று தொடங்கிக் கோடிகளில் காட்டுவார்கள். பக்கம் பக்கமாகப் போனால் சில நூறிலேயே சரக்கு தீர்ந்துவிடும். தராசு பொய் சொன்னால் தராசைத் திருத்துவது வழக்கம். இவர்கள் முள்ளை மறைத்தார்கள்: எண்ணிக்கையை இப்போது 'கருவிகள்' பொத்தானுக்குள் தள்ளிவிட்டார்கள்.

திருத்தத் தெரியாதவர்கள் இல்லை. 2009 ஜனவரி 31 அன்று, ஆபத்தான தளங்களின் பட்டியலில் யாரோ கைதவறி ஒரு சாய்கோட்டைச் சேர்த்துவிட்டார்கள். சாய்கோடு இல்லாத இணைய முகவரி ஏது? உலகத்தின் எல்லாத் தளமும் "உங்கள் கணினிக்குத் தீங்கு செய்யலாம்" என்று ஆனது. சொந்தக் கடைக்கே தீ பிடித்ததும் ஒரு மணி நேரத்துக்குள் அணைத்துவிட்டார்கள். நம் வீட்டுத் தீ மட்டும் வருடக்கணக்காக எரிகிறது.

ஏன்? பதில் நீதிமன்ற ஆவணத்திலேயே இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் சுமார் 90 சதவீதத்தை வைத்திருக்கும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். போன்களிலும் பிரவுசர்களிலும் தாமே முதலில் இருக்க, 2021-ல் மட்டும் அவர்கள் கொடுத்தது 2,630 கோடி டாலர். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. தேடலின் தரத்தைக் கணிசமாகக் குறைத்தாலும் வருமானம் போகாது என்று 2020-ல் நிறுவனமே ஆய்வு செய்து தெரிந்துகொண்டது. மாவைப் புளிக்க விட்டால் கூட்டம் குறையுமா என்று முதலாளி கணக்குப் போட்டிருக்கிறார். குறையாதாம். சர்வருக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது.

காசு கொடுக்கும் விளம்பரதாரருக்காவது சொன்னது கிடைக்கிறதா? அவருக்கு விற்கும் 'துல்லியப் பொருத்தம்' 2014-லேயே நெகிழத் தொடங்கி, 2018-ல் 'அதே பொருள் வந்தால் போதும்' என்றாகிவிட்டது. துல்லியத்துக்கே துல்லியம் இல்லை.

ஆனால், மாதக் கடைசியில் அந்த விளம்பரதாரருக்குப் போகும் பில்லில் மட்டும் 'சுமார்' இல்லை. ஒரு கிளிக்கும் விடுபடுவதில்லை. எண்ணத் தெரிகிறது அவர்களுக்கு.