அடுப்பில்லாச் சமையல்

பள்ளியில் ‘அடுப்பில்லாச் சமையல்’ போட்டி என்றால், முதல் நாள் இரவு வீட்டில் அடுப்பு அணையாது. வேர்க்கடலையை வறுத்துப் புடைப்பது அம்மா. எள்ளை வெடிக்கவிட்டு இறக்குவதும் அவரே. பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுக்கும் பொறுப்பு பிள்ளைக்கு. எடுத்த கொட்டைக்கும் கிண்ணத்தில் மிஞ்சிய பழத்துக்கும் கணக்கு ஒத்துவராது. எல்லாவற்றையும் சேர்த்து உருண்டை பிடிக்கையில், உருண்டைக்கு உருண்டை விரலை நக்கிக்கொள்வது தனி. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று அட்டையில் எழுதுவது அப்பா. 100 கிராம் பேரீச்சையில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை என்பது பேரீச்சைக்கு மட்டும் தெரிந்தால் போதும்! மறுநாள் போட்டி மேசையில் பொட்டுக்கடலை மாலாடு வைத்தால் அது வெறும் பலகாரமாம். ‘எனர்ஜி உருண்டை’க்குத்தான் பரிசு. நடுவர் கேட்பது ஒரே கேள்வி: “நீயே செஞ்சியா கண்ணா?” பிள்ளை அம்மாவைப் பார்க்கும். அம்மா வேகமாகத் தலையாட்டுவார்.