மலையில் கமிட், கச்சிராயபாளையத்தில் புஷ்!

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், வெள்ளிமலைப் பக்கமிருந்து மென்பொருள் வேலை பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த முறை முழு இடமும் அவற்றுக்கே.

கேள்வி: முதலில் எந்த மொழியைக் கற்பது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், தியாகதுருகம்

பதில்: பைத்தான். கல்லூரியில் ஏற்கெனவே ஜாவா தொடங்கிவிட்டார்கள் என்றால் ஜாவா. எதுவானாலும் ஒரு வருடம் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு மொழி மாற்றுகிறவருக்கு எல்லா மொழியிலும் "வணக்கம் உலகம்" மட்டும்தான் எழுத வரும்.

கேள்வி: தொண்ணூறு நாளில் ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் ஆக்கிவிடுவதாக ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. நம்பலாமா?
– வாசகர், சங்கராபுரம்

பதில்: தொண்ணூறு நாளில் தொடங்கலாம். அதற்கு மேல் அந்த விளம்பரத்தை நம்ப வேண்டாம். கூகுளில் ஆராய்ச்சி இயக்குநராக இருந்த பீட்டர் நார்விக், சில மணி நேரத்தில் எல்லாம் வந்துவிடும் என்று சொல்லும் புத்தகங்களுக்குப் பதிலாக, புரோகிராமிங் கற்கப் பத்து வருடம் ஆகும் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். சம்பளத்துக்கும் பத்து வருடம் காத்திருக்க வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். ஒழுங்காக உழைத்தால் ஓரிரு வருடத்தில் வேலைக்குப் போகும் தகுதி வந்துவிடும். மீதி வருடங்கள் சம்பளத்தோடு படிப்பவை.

புதிதாக எழுதுகிறவர், புரோகிராம் ஓடியதும் எழுந்துவிடுவார். கொஞ்சம் தேறியவர், இது எப்போது ஓடாமல் போகும் என்று உட்கார்ந்து யோசிப்பார். நல்ல டெவலப்பருக்கு இன்னொரு கவலையும் சேரும்: நான் விடுப்பில் இருக்கும் நாளில் இதை வேறொருவர் படித்துத் திருத்த முடியுமா? இந்தக் கவலை எந்த மையத்திலும் பாடமாக வராது.

கேள்வி: எங்கள் ஊரில் சிக்னல் வந்தால் வரும், போனால் போகும். மலையில் இருந்துகொண்டு இதையெல்லாம் படிக்க முடியுமா?
– மாணவி, வெள்ளிமலை

பதில்: முடியும் தங்கையே. புரோகிராம் எழுத இணையம் கட்டாயமில்லை. பைத்தானின் அதிகாரபூர்வக் கையேடு முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் பலவற்றுக்குத் தமிழ்க் குரல் இருக்கிறது; ஒவ்வொன்றும் சிறியது. கீழே வரும்போது இறக்கிக்கொண்டு போய், வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தபடி கூடவே எழுதலாம்.

முக்கியமாக கிட் கற்றுக்கொள்ளுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது. நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும், ஏன் செய்தீர்கள் என்ற குறிப்போடு, உங்கள் கணினியிலேயே பதிந்து வைக்கும். அந்தப் பதிவுக்குப் பெயர் கமிட். அதற்கு சிக்னல் தேவையில்லை. பதிந்ததை வெளியே அனுப்புவது புஷ்; அதற்கு மட்டும்தான் தேவை. மலையில் கமிட் செய்யுங்கள், பஸ் இறங்கிக் கச்சிராயபாளையம் வந்ததும் புஷ் செய்யுங்கள். பெரிய நிறுவனத்தில் இருப்பவரும் இதே வரிசையில்தான் வேலை செய்கிறார்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் தகராறு. எரர் வந்தாலே கை நடுங்குகிறது.
– பாலிடெக்னிக் மாணவர், உளுந்தூர்பேட்டை

பதில்: பைத்தானில் எரர் வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன தவறு என்று அங்கே இருக்கும்; எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே. திரும்பத் திரும்ப வரும் எரர்கள் ஒரு கை விரலுக்கும் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. வந்த எரரையும் அதைத் தீர்த்த வழியையும் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பாடம் படிக்க, 2012-இல் ஸ்ரீனிவாசன் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் இருக்கிறது. அதில் நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசைப் புத்தகங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கருத்து தமிழில் புரிந்துவிட்டால் ஆங்கிலம் தானாகப் பின்னால் வரும். ஆனால் அதையும் விட்டுவிடாதீர்கள். கூட வேலை செய்பவர் வேறு மாநிலத்துக்காரராக இருப்பார்.

கேள்வி: அடிப்படை எல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எப்படிச் சோதிப்பது?
– பி.சி.ஏ. முடித்தவர், சின்னசேலம்

பதில்: நம் மாவட்டத்தின் பெயரைத் தமிழில் தட்டி, எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேளுங்கள். 'கள்ளக்குறிச்சி' – நாம் எண்ணினால் எட்டு. கணினி பதினான்கு என்னும். இரண்டும் சரி. யூனிகோடில் புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறியீடுகள். 'க்' என்பதே அதற்கு இரண்டு. இன்னும் கீழே இறங்கினால், யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்; ஆகவே பெயரைச் சேமிக்க 42 பைட்.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்பீர்கள். ஊர்ப் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு படிவத்தில் கட்டுப்பாடு வைத்துப் பாருங்கள். எட்டெழுத்துப் பெயர், தாராளமாக அடங்க வேண்டும். திரையில் 'கள்ளக்குறி' என்று நிற்கும். பெயரைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால், ஒட்ட எழுத்தில்லாமல் ஒரு கொக்கி முதலில் வந்து தொங்கும். ரேஷன் கார்டு, பட்டா, ரத்தப் பரிசோதனைச் சீட்டு என்று தமிழ்ப் பெயர் ஏறும் ஒவ்வொரு இடத்திலும் இந்தக் குழி காத்திருக்கிறது. இதைச் சரியாக எண்ணுவதற்கென்றே 'ஓப்பன் தமிழ்' என்ற திறந்த மூல நூலகம் இருக்கிறது. 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை அதில் முன்னின்றவர்.

எட்டு, பதினான்கு, நாற்பத்திரண்டு. மூன்றும் ஏன் என்று தாளில் எழுதி விளக்க முடிந்தால் அடிப்படை தெரியும். முடியவில்லை என்றால் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, இன்றே தொடங்குங்கள்.

கேள்வி: ஏஐ எல்லாக் கோடையும் எழுதிவிடுகிறதே? இனி நாங்கள் எதற்கு?
– வாசகி, கள்ளக்குறிச்சி

பதில்: எழுதித் தரும். தவறாகப் போனால் பதில் சொல்ல வராது. மேலே சொன்ன பத்தெழுத்துப் படிவத்தை அதனிடம் கேளுங்கள். வந்ததில் பிழை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடிந்தவருக்குத்தான் அது கருவி. கற்கும் காலத்தில் முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு அதனிடம் காட்டுங்கள். இந்த வரிசையை மாற்றினால் கற்பது நின்றுவிடும்.

கேள்வி: புராஜெக்ட் செய் என்கிறார்கள். என்ன செய்வது? எல்லோரும் கால்குலேட்டரும் நூலக மேலாண்மையும்தான் செய்கிறார்கள்.
– பொறியியல் மாணவர், சின்னசேலம்

பதில்: உங்கள் ஊரில் மரவள்ளி போடாத வீடு உண்டா? கிழங்கு ஆலைக்குப் போனால் எடை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. மாவுச்சத்தை 'பாயிண்ட்' கணக்கில் அளந்து விலை வைக்கிறார்கள். எடை, பாயிண்ட், கழிவு, வண்டி வாடகை, முன்பணம் எல்லாம் கழிந்து கைக்கு வருவது எவ்வளவு என்பதை விவசாயி சீட்டை வைத்துக்கொண்டு மனசிலேயே போடுகிறார். அதை ஒரு செல்போன் திரையில் கொண்டு வாருங்கள். கரும்பு போடுகிற வீடு என்றால், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன; எப்போது பதிந்தோம், எப்போது வெட்டு உத்தரவு வந்தது, எத்தனை டன், பணம் எப்போது ஏறியது என்ற ஒரு கணக்கு வைத்துக் கொடுங்கள்.

முதல் வடிவம் ஒரே நாளில் முடிந்துவிடும். பெருக்கல் கழித்தல்தானே. அதன் பிறகுதான் தொழில் தொடங்குகிறது. எடை இருக்கும் இடத்தில் யாராவது எழுத்தைத் தட்டினால்? முன்பணம் கிரயத்தைவிட அதிகமாக இருந்தால்? பாதியில் பேட்டரி போனால்?

பணத்தில் இன்னொரு வம்பும் உண்டு. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.3 வராது, பக்கத்தில் ஒரு நீண்ட வால் ஒட்டியிருக்கும். பத்தில் ஒன்று என்ற எண்ணை இரும எண்களில் முழுசாக எழுத முடியாது என்பதுதான் காரணம். இந்தச் சின்ன வாலை அலட்சியம் செய்ததற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1991 பிப்ரவரி 25-ஆம் தேதி சவுதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டிருந்தது. நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அந்தத் துளிப் பிழை சேர்ந்து சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி ஆகிவிட்டது. வந்த ஸ்கட் ஏவுகணையை அது தடுக்கவில்லை. 28 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள்.

ஆகவே பணத்தை ரூபாயில் புள்ளி வைத்துச் சேமிக்காதீர்கள். முழு எண்ணாகப் பைசாவில் சேமியுங்கள். முடித்ததும் உங்கள் பெரியப்பாவிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் பாருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே திருத்துங்கள். ஒரு பருவம் முழுக்க நாலு விவசாயிகள் அதை நம்பிப் பயன்படுத்தினால், நேர்முகத் தேர்வில் அரை மணி நேரம் பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.

கேள்வி: இன்ஜினியரிங் படிக்காதவனுக்கு வேலை கிடைக்குமா?
– பிளஸ் டூ முடித்தவர், திருக்கோவிலூர்

பதில்: கிடைத்திருக்கிறது. ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ நிறுவனம் 2000-களின் நடுவிலேயே தனிப் பள்ளி தொடங்கி, பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டது. கட்டணம் இல்லை, படிக்கும்போதே உதவித்தொகை. அங்கே கற்றவர்கள் அதே நிறுவனத்தில் பட்டதாரிகளோடு சேர்ந்து மென்பொருள் எழுதுகிறார்கள். ஆனால் பட்டம் கேட்கிற நிறுவனங்கள்தான் இன்னமும் அதிகம். சேர்ந்த படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: முன்பணம் கட்டினால் சென்னையில் வேலை உறுதி என்கிறார் ஒரு ஏஜென்ட்.
– ஒரு தாய், ரிஷிவந்தியம்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. நிஜமான நிறுவனம் வேலைக்குச் சம்பளம் கொடுக்கும், பணம் வாங்காது.

கேள்வி: மூன்று வருடமாக சென்னையில் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். வருகிற டிக்கெட்டை, அதாவது பிழைப் புகாரை, மூடுவதே வேலை. வளரவே இல்லை என்று தோன்றுகிறது.
– மென்பொருள் ஊழியர், சொந்த ஊர் கல்வராயன் மலை

பதில்: டிக்கெட் உங்களைத் தேக்கவில்லை. மூடிய கையோடு அடுத்ததைத் திறப்பதுதான் தேக்குகிறது. நாளைக்கு வரும் பிழையை இப்படிப் பிடியுங்கள்: திருத்துவதற்கு முன்னால், அந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். அது தோற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். பிறகு கிட் வரலாற்றைப் புரட்டி, அந்த வரி யாரால், எதற்காக, எப்போது வந்தது என்று தேடுங்கள். அதை எழுதியபோது அவருக்கு என்ன நெருக்கடி இருந்தது என்பதும் அநேகமாகத் தெரியவரும். இதே ரகப் பிழை வேறெங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். இருந்தால் டீம் லீடிடம் எழுத்தில் சொல்லுங்கள். ஒரு பிழைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும். ஆறு மாதத்தில் அந்த மென்பொருளின் வரைபடம் முழுக்க உங்கள் தலையில் இருக்கும். அதன் பிறகு உங்களைக் கேட்காமல் யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள்.

உங்கள் கோடில் சீனியர் குறை சொன்னால் நன்றி சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். கணினி அறிவியலின் பெரியவர்களில் ஒருவரான டொனால்டு கனூத், தன் 'டெக்' அச்சுக்கோப்பு மென்பொருளில் பிழை கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்குச் செக் அனுப்பினார். அவர் புத்தகங்களில் தவறு காட்டினால் 2.56 டாலர். அந்தச் செக்கைப் பலர் வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். அத்தனை பெரிய மனிதர் தன் தவறுக்குக் காசு கொடுத்து வரவேற்றிருக்கிறார்.

கேள்வி: மலைப் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகளுக்கு ஆர்வம் இருக்கிறது. கணினிகள் போதாது. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, கரியாலூர் அருகே

பதில்: கணினி இல்லாமலே பாதியைக் கற்றுத்தரலாம் டீச்சர். வகுப்புப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துங்கள், ஆனால் ஒரு சமயத்தில் இரண்டு பேரை மட்டுமே ஒப்பிட வேண்டும் என்று விதி வையுங்கள். அதுவே வரிசையாக்க அல்காரிதம். குறைந்த தடவையில் முடிக்கப் பிள்ளைகளே வழி தேடுவார்கள். ஊரில் பரணில் கிடக்கும் பழைய அரசு லேப்டாப்களைக் கேட்டு வாங்கி லுபுண்டு போன்ற எளிய லினக்ஸ் போடுங்கள். பைத்தானுக்கு அது போதும்.

பெற்றோருக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். 6-ஆம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது தெரியாமல் ஒரு பிள்ளைகூடக் கூலி வேலைக்கு லாரி ஏறக் கூடாது.

கேள்வி: வழிகாட்ட ஊரில் ஒருவரும் இல்லை.
– மாணவர், மணலூர்பேட்டை

பதில்: விழுப்புரத்துக்குப் போங்கள். 2019 நவம்பர் 26 வரை ஒரே மாவட்டம்தானே நாம். அங்கே குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று பல வருடங்களாகக் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகத் தொழில்நுட்பம் கற்றுத்தருகிறது. கற்றவர்கள் அடுத்த வருடம் வந்து கற்பிக்கிறார்கள். தனியாக ஆறு மாதம் முட்டி மோதுவதைக் கூட்டத்தோடு ஒரு மாதத்தில் தாண்டலாம்.

கேள்வி: பெங்களூரில் சீனியர் டெவலப்பராக இருக்கிறேன். ஊருக்கு ஏதாவது செய்ய ஆசை. கம்ப்யூட்டர் வாங்கித் தரட்டுமா?
– வாசகர், சொந்த ஊர் சங்கராபுரம்

பதில்: வாங்கித் தாருங்கள், நல்லது. அதைவிட அரிதான ஒன்று உங்களிடம் இருக்கிறது: மற்றவர் எழுதிய கோடைப் படித்து, எங்கே பிசகுகிறது என்று சொல்லும் கண். இந்தப் பகுதியில் கேள்வி கேட்ட பிள்ளைகள் யாருக்கும் கிடைக்காதது அதுதான். படித்த கல்லூரிக்கு ஒரு போன் போடுங்கள். இரண்டு மாணவர்களைக் கேளுங்கள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அவர்கள் எழுதியதை வரி வரியாகப் படித்துக் கருத்து எழுதுங்கள். உங்களைப் போல ஊரைவிட்டுப் போய் இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களிடமும் சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுங்கள்.