வீடு தேடி வந்த கடல்

மீஞ்சூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். கடலைப் பார்க்க மெரினாவுக்குப் போக வேண்டியதில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தால் போதும்.

1960களின் கடைசியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் நிலத்தடியில் நல்ல தண்ணீர் கொட்டிக் கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. சென்னைக்கும் மணலி ஆலைகளுக்கும் இரவு பகலாக உறிஞ்சினார்கள். அடியில் இடம் காலியானது. காலி இடத்தை யார் விடுவார்கள்? கடல் வந்து குடியேறிவிட்டது. பட்டாகூடக் கேட்கவில்லை.

பிறகுதான் ஞானோதயம். கடலையே குடிப்போம்! 2010இல் காட்டுப்பள்ளியில் ஆலை திறந்தார்கள். தினமும் 23.7 கோடி லிட்டர் கடல்நீரை இழுத்து, மணலில் வடிகட்டி, மருந்து போட்டு, சவ்வில் அழுத்திப் பிழிந்தால் 10 கோடி லிட்டர் நன்னீர். மிச்சமான கொடும் உப்பு மறுபடி கடலுக்கே, மீனவர்களுக்கு அன்பளிப்பாக. ஒப்பந்த விலை ஆயிரம் லிட்டருக்கு 48.66 ரூபாய். அதாவது, ஒரு கேன் அளவுக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. ஆலைக்கு மீஞ்சூர் பெயர், தண்ணீர் வடசென்னைக்கு. பெயராவது மிஞ்சியதே!

உள்ளூருக்கு? கேன்தான். விலையைக் கேட்காதீர்கள், வயிறு எரியும்.

அது மீஞ்சூர் கதை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவின் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. குக்கர் பத்து விசில் அடித்து ஓய்ந்துபோகும். அடிப்பாத்திரத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் படலம். இதை மோப்பம் பிடித்து ஆர்ஓ மெஷின்காரர் வந்தார். டம்ளர் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். தண்ணீர் குழம்பாய்ப் பழுப்பேறியது. "பார்த்தீங்களாம்மா, இதைத்தான் குடிக்கிறீங்க!" என் மனைவி அலறிவிட்டாள். கிளம்பிய அழுக்கில் முக்கால்வாசி அவருடைய இரும்புக் கம்பியின் துரு என்பதைப் பள்ளிக்கூடப் பையன் சொல்வான். நாங்கள் முன்பணம் கொடுத்த பிறகுதான் சொன்னான். அந்த மெஷின் ஒரு குடம் கொடுக்க இரண்டு குடத்தைச் சாக்கடையில் கொட்டுகிறது. கடலோரத்தில் அரசு செய்வதை அடுப்படியில் நாங்களும் செய்கிறோம். ராஜா எவ்வழி, குடிகள் அவ்வழி.

எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளின் வாசலில் 'ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாது' என்று பலகை. உண்மைதான், சொட்டாக வெளியேறுவதில்லை. பெருமழை ராத்திரியில் எங்கள் ஓடைக்கு ஊதாவும் மஞ்சளுமாய்த் திருவிழாக் களை வந்துவிடும். புகார் கொடுத்தோம். அதிகாரி ஒருவர் மழை விட்டு மூன்றாம் நாள் வந்தார். தெளிந்து ஓடிய ஓடையில் பாட்டில் நிறைய மாதிரி எடுத்தார், முகர்ந்தார், திருப்தியாகத் தலையாட்டினார். நல்ல வெயில். தாகமாயிருக்கிறது என்றார்.

செம்பு நிறையப் போர்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

"கேன் வாட்டர் இல்லையா, சார்?" என்றார்.