பல்லுக்கொழுக்கட்டையும் வெட்டுப்புள்ளியும்

விடியற்காலையில் புதுக்குடியிருப்புச் சந்தியில் நின்றால் நாட்டின் கல்வி எவ்வளவு வேகமாக முன்னேறுகிறதென்று விளங்கும். அது அம்மாவின் சைக்கிள் கரியரில் தூங்கி வழிந்தபடி ரியூசனுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தரம் 5 புலமைப்பரிசில் என்றால் சும்மாவா? முதல் வினாத்தாளில் 40 கேள்வி, இரண்டாவதில் 60. பத்து வயதில் இந்த நூறைத் தாண்டாத பிள்ளை பிறகு எதைத்தான் தாண்டும்? ஆரம்ப வகுப்புக்கு விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றும் வேண்டுமென்கிறது பாடத்திட்டம். எங்கள் பெற்றோர் கெட்டிக்காரர். முதல் இரண்டையும் பரீட்சை முடியப் பார்க்கலாமென்று ஒத்திவைத்துவிட்டார்கள்.

பரீட்சைக்குச் சில நாள் முன்னர் ரியூசனுக்கும் கருத்தரங்குக்கும் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடை போடும். அருமையான ஏற்பாடு. பிள்ளைக்குக் காய்ச்சல் வரவும் நேரம் வேண்டாமா?

ஆனாலும் ரியூசனைத் தரம் 3இல் தொடங்குவது மெத்தப் பிந்தியது. பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் நாளில் பிள்ளை முன்னால் புத்தகமும் காப்பும் பரப்பிவைப்பது பழைய முறை. இனி மாதிரி வினாத்தாளை வைத்து, சரியான விடையின் கீழ்க் கோடிடச் சொல்லலாம். தவழ்ந்து வேறு பக்கம் போனால் மேலதிக வகுப்பு.

இதற்கெல்லாம் பலன் இல்லாமலில்லை. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படம் பள்ளிக்கூட வாசலில் பெரிய பதாகையாகத் தொங்குகிறது. பிள்ளையைத் தேடாதீர்கள். அது யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூட விடுதிக்குப் போய்விட்டது. பதாகைதான் இப்போது இங்கே படிக்கிறது.