கொல்லைப்புறக் கரியடுப்பு: மிச்சக் கோட்பாட்டின் வழி ஓர் ஆய்வு

மனிதன் தன் கொல்லையில் செங்கல் அடுக்கிக் கோழி சுடுவது ஏன்? பசியால் என்பது பாமரர் கொள்கை. அதை மறுத்து, வீடு கட்டி மீந்த செங்கல்லே இதற்கு முதற்காரணம் என்று நிறுவ வந்தது இக்கட்டுரை. நூற்பா வேண்டுவோருக்கு: ‘மீந்தகல் எல்லாம் அடுப்பென மொழிப.’ ‘மொழிப’ என்றது யாரை எனின், இவ்வாய்வாளரையே. நூற்பாவும் அவர் கட்டியதே. ஆதலால் பாடபேதம் இல்லை.

பசிக் கட்சியார் உடனே பொருநராற்றுப்படையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கரிகாலனின் விருந்தில் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியை இரவு பகலாகத் தின்றதில், உழுது தேய்ந்த கொழுவைப் போலத் தன் பல் மழுங்கிவிட்டதாக அதில் ஒரு பொருநன் சொல்கிறான். வலுவான சான்றுதான். ஆனால் ஊன்றிப் படித்தால் கம்பி வருகிறது, ஊன் வருகிறது, பல்கூட வருகிறது, செங்கல் வரவில்லை. பல் தேயத் தின்பதற்கே செங்கல் தேவைப்படவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ கோழிக்கு எண்பது கல் எதற்கு? இந்தக் கேள்வி வந்ததும் பசிக் கட்சியார் காப்பி குடிக்க எழுந்து போய்விடுவார்கள்.

மேலைநாட்டுச் சான்றும் நம் பக்கமே. 1920-களில் ஹென்றி ஃபோர்டின் கார்களுக்கு மரப்பாகங்கள் அறுத்ததில் மிச்சிகனில் துண்டும் தூளும் குவிந்தன. அவற்றைக் கரியாக்கி, இடித்து, ஸ்டார்ச்சில் பிசைந்து வில்லையாக்கினார்; பிற்பாடு கார் விற்ற கடைகளிலேயே அந்தக் கரியும் விற்றது. அவருக்குப் பசித்ததாக யாரும் எழுதவில்லை. நம்மூர் நிலவரமும் அதுதான். ராமநாதபுரத்துக் கரிமூட்டங்களில் வேகும் சீமைக்கருவேலம், வேரோடு அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே ஆணையிட்ட மரம். பற்றவைக்கப் போடும் கொட்டாங்குச்சியோ சட்னி அரைத்ததன் மிச்சம். ஆக கல், கரி, கொட்டாங்குச்சி மூன்றும் மிச்சம். கோழி மட்டுமே காசு கொடுத்து வாங்கியது.

ஆனால் கட்டுமானம் என்று வரும்போது கோட்பாடு சற்றுத் தள்ளாடுகிறது, மறைக்க வேண்டியதில்லை. மீந்ததெல்லாம் நெருப்புக்கு ஆகாது. ஃப்ளை ஆஷ் கல் சூளையே காணாதது. சமையல் மேடையில் மீந்த கிரானைட் துண்டு சூடேறினால் தெறிக்கும். அதைத் தட்டு வைக்கப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். சூளையில் வெந்து வந்த செங்கல்தான் தீக்குப் பழகியது. அதை டிரம்மில் முக்கினால் சளசளவென்று குமிழி விட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கும். குமிழி அடங்கிய பிறகு எடுத்து வைத்தால்தான் சாந்தின் ஈரத்தை உறிஞ்சாது.

இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம், மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு. பத்து வரி. ஏழாம் வரியின் மேல் கரித்தட்டு, ஒன்பதாம் வரியின் மேல் கம்பி வலை. இடையில் ஏழு அங்குலம். வலையை வெல்டிங் பட்டறையில் பூச்சில்லாத கம்பியில் சொல்லிச் செய்ய வேண்டும். ஜி.ஐ. வலையின் துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும், அதன் புகை கோழிக்கும் நல்லதல்ல, கோழி தின்பவருக்கும் நல்லதல்ல.

சாந்து குறித்து இரு பள்ளிகள் உண்டு. “சிமென்ட் போட்டாத்தான் சார் நிக்கும்” என்பது கொத்தனார் பள்ளி. சிமென்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பு 450 டிகிரி வாக்கில் தனக்குள் கட்டிவைத்த நீரை விட்டுவிடும், பிறகு கலவை பொடிப்பொடியாக உதிரும், ஆகவே களிமண்ணும் மணலும் போதும் என்பது ஆய்வாளர் பள்ளி. இதைக் கேட்ட கொத்தனார் கரணையைக் கீழே வைத்துவிட்டு, “சரிங்க, நீங்க படிச்சவங்க” என்றார். கொத்தனார் மரபில் இதனினும் கடுமையான மறுப்பு கிடையாது. மதில்மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், “துளசிமாடமா சார்?” என்றதை ஆய்வு கணக்கில் கொள்ளவில்லை.

கட்டியதும் தீ மூட்டக் கூடாது. நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும்; ஈரக் கல்லுக்குள் அதற்கு இடம் ஏது? ஒரு வாரம் காயவிட்டு, முதலில் நாலு கொட்டாங்குச்சியை மட்டும் எரிக்கலாம்.

சமையல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தழல் அடங்கிக் கரியின் மேல் வெண்சாம்பல் பூக்கும்வரை பொறுக்க வேண்டும், யாரும் பொறுப்பதில்லை. எனவே கோழிக்கால் வெளியே கரியாகவும் உள்ளே பச்சையாகவும் இறங்கி, குக்கருக்குப் போய், மூன்று விசிலுக்குப் பின் குழம்பாக இலைக்கு வருகிறது. பசியை ஆற்றியது கேஸ் அடுப்பு என்பதைப் பசிக் கட்சியார் குறித்துக்கொள்க.

கோட்பாட்டின் கடைசிச் சோதனை தை மாதத்தில் வந்தது. பொங்கல் பானைக்கு இந்த அடுப்பையே வைத்துக்கொள்ளலாமே என்று ஆய்வாளர் முன்மொழிந்தார். “கோழி சுட்ட கல்லுல பானைய ஏத்தவா? நல்லா இருக்குடா நியாயம்! போய் மூணு புதுக் கல்லு வாங்கிட்டு வா” என்றார் அம்மா. மீந்த கல் முழுதும் அடுப்பாகிவிட்டிருந்ததால் செங்கல் கடைக்குப் போக வேண்டியதாயிற்று.

“மூணு கல்லுக்கெல்லாம் வண்டி வராது சார்” என்றார் கடைக்காரர். “ஒரு ஐந்நூறா எடுத்துக்கங்க. பின்னாடி எதுக்காச்சும் ஆகும்.”