இதுவும் அதுவும்: ஓர் ஒலிநாடாவின் பொன்மாற்று குறித்துக் கோலார் தங்கவயல் முறைப்படி ஓர் ஆய்வு

பாய் பேண்டு எனப்படுவது, நால்வரோ ஐவரோ மேடையேறி, ஒருவர் முன்னின்று பாட மற்றவர் பின்னின்று சுருதி சேர்த்து, பாடாத வேளையில் எல்லோரும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் தோளைக் குலுக்குகின்ற இளைஞர் குழு என்று வரையறுக்கப்படும். இவ்வரையறையைத் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ கூறினால் உடனே ஆட்சேபம் எழும். ஏனெனில் அங்கும், தமிழ் பேசப்படும் பிற ஊர்களிலும், பேண்டு என்பது கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னே நடக்கின்ற பித்தளைக் குழலும் பெரிய டிரம்மும் ஆகுமேயன்றி, வாத்தியத்தைக் கையால் தொடாத பையன்களைக் குறிப்பதன்று. பையன் என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. தமிழில் கல்யாணம் ஆகும்வரை எவனும் பையனே என்பதாலும், பெண் பார்க்க வருபவன் முப்பத்தைந்து வயதினனாயினும் மாப்பிள்ளைப் பையனே என்பதாலும், அச்சொல்லுக்கு வயது வரம்பு இல்லை என்று கொண்டு மேலே செல்லலாம்.

ஆய்வுப் பொருளாவது, மும்பையில் 2001ஆம் ஆண்டு உருவான ‘ஏ பேண்ட் ஆஃப் பாய்ஸ்’ என்னும் ஐவர் குழு 2002இல் வெளியிட்ட முதல் இந்தி ஆல்பமான ‘யே பீ வோ பீ’ ஆகும். கரண் ஓபராய், சுதான்ஷு பாண்டே, ஷெரின் வர்கீஸ், சித்தார்த் ஹல்டிபூர், ஆஷா போஸ்லேயின் பேரனான சிண்டு போஸ்லே ஆகியோரே அவ்வைவர். இவர்களுள் சித்தார்த் பின்னாளில் தம் உடன்பிறந்தாருடன் சேர்ந்து திரைப்படங்களுக்கு இசையமைத்தார். சுதான்ஷு 2012இல் ‘பில்லா 2’ படத்தில் அஜித்துக்கு எதிராக நின்றார் என்பதால், தமிழர் பலர் இக்குழுவில் ஒருவரைத் தாம் அறிவோம் என்பதை அறியாமலே அறிந்திருக்கின்றனர். குழு தோன்றிய அதே 2001இல், பிப்ரவரி 28 அன்று, தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை எனச் சிலர் கூறுவர். தொடர்பு இல்லாத இடத்தில் தொடர்பு காண்பதே ஆராய்ச்சியின் இலக்கணம் என்பதால் அவர்களுக்கு விடை கூற வேண்டியதில்லை.

முதலில் தலைப்பை எடுத்துக்கொண்டால், ‘யே பீ வோ பீ’ என்பதற்கு ‘இதுவும் அதுவும்’ என்று பொருள். உபநிடதம் பரம்பொருளை ‘இதுவன்று, இதுவன்று’ எனத் தள்ளித் தள்ளித் தேடியிருக்க, ஐந்து பையன்கள் ஒன்றையும் தள்ளாமல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டது தத்துவ வரலாற்றில் கவனிக்கப்படாத திருப்பமாகும். நன்னூலார் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறினார். இத்தலைப்பில் வருவது எண்ணும்மையா, சொல்லாமல் விட்ட வேறொன்றைச் சுட்டும் எச்சவும்மையா என்பது மும்பையில் தீராது. தங்கவயலில் எளிதில் தீரும். வீட்டில் தமிழ், பெயர்ப்பலகையில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, பழைய கிளப்பின் நினைவில் ஆங்கிலம் என்று ஒரே நாளில் நான்கும் புழங்குகின்ற ஊரில், ‘நீ தமிழனா, கர்நாடகத்தானா?’ என்று கேட்பவனுக்குக் கிடைக்கும் விடையும் இவ்விரு சொற்களே. ஆகவே அது எண்ணும்மைதான்.

அடுத்து ஆல்பத்தின் மாற்று. தட்டான் உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பான். ஆனால் கண்ணுக்கே தெரியாத பொன்னை உடைய பாறைக்கு உரைகல் உதவாது என்பதால், சுரங்கத்தார் அஸ்ஸே எனும் முறையைக் கைக்கொண்டனர். பாறையை இடித்துத் தூளாக்கி, தூளைக் கூம்பாகக் குவித்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்க் கூறுகள் இரண்டைத் தள்ளி, மிஞ்சியதை மறுபடியும் குவித்துப் பகுத்து, கைப்பிடி அளவுக்கு வந்ததும் ஈய ஆக்சைடும் வெங்காரமும் சேர்த்து மூசையில் உருக்கினால், ஈயம் பொன்னைத் தழுவிக்கொண்டு அடியில் இறங்கும். அந்த ஈயக் கட்டியை எலும்புச் சாம்பலால் ஆன சிறு கிண்ணத்தில் வைத்துக் காய்ச்ச, கிண்ணம் ஈயத்தைக் குடித்துவிட்டுக் கடுகினும் சிறிய மணி ஒன்றை விட்டுவைக்கும். அம்மணியில் கலந்த வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தபின் நிற்பதே எடை. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் பொன் தந்த வயலிலும், இறுதிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராமே தேறிற்று.

ஒலிநாடாவுக்கு இம்முறையைப் பொருத்துமிடத்து, கணினி எழுப்பிய மத்தள ஒலி வெறும் கல்லாகக் கழிகிறது. ‘ஓ’, ‘யே’ முதலான பொருளற்ற கூவல்கள் வெங்காரத்தோடு கசடாக மிதக்கின்றன. ஐவரும் ஒருங்கே பாடும் பகுதிகள் ஈயமாக இறங்கி, பிறகு அதுவும் கிண்ணத்தால் குடிக்கப்படுகிறது. நிற்கின்ற மணி ‘மேரி நீந்த்’ என்ற ஒரே பாட்டு. ஓர் ஆல்பத்துக்கு ஒரு பாட்டு என்பது குறைவு எனத் தோன்றலாம். ஒரு டன்னுக்குச் சில கிராமுக்காக 3.2 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தை எண்ணுவோர் அதனைக் கொழுத்த விளைச்சல் என்றே கொள்வர்.

‘மேரி நீந்த்’ என்றால் ‘என் தூக்கம்’. ஊர் உறங்கத் தான் உறங்காமை அகப்பாடலின் பழைய மரபு. அங்குப் பெரும்பாலும் விழித்திருப்பவள் தலைவி. பாய் பேண்டு அத்துயரைத் தலைவன் பக்கம் மாற்றியது. ஐந்து பையன்களுக்கு ஐந்திணையைப் பங்கிட முயன்றால், கூடலும் பிரிவும் இரங்கலும் இருத்தலும் நால்வரிடம் சேர, ஊடலுக்குரிய மருதம் அனாதையாக நிற்கிறது. ஊடுவதற்கு வீட்டில் மனைவி வேண்டும், பையனுக்கு அவள் இல்லை. தங்கவயலிலோ ஆணின் தூக்கத்தைக் கெடுத்தது காதலன்று, மூன்று ஷிப்ட். இரவு ஷிப்ட் முடித்துக் கூண்டில் மேலேறி வந்தவன், லைன் வீட்டின் ஒற்றை அறையில், வெயில் ஏறும் தகரக் கூரையின் கீழ், பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே பகலில் கண்ணயர வேண்டியிருந்தது. சுரங்கம் மூடிய பின்னர் அப்பணியை மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் விடிகாலை ரயில் ஏற்றுக்கொண்டது. தூக்கம் போனது எங்கே என்பது மும்பையில் காதல் வினா. மாரிக்குப்பத்தில் அது கால அட்டவணையில் அச்சிடப்பட்ட செய்தி.

எஞ்சிய பாட்டுகளின் நிலை யாது என்ற வினாவுக்கு ஊரே விடை வைத்திருக்கிறது. பொன்னைப் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண் குன்று குன்றாக இன்றும் நிற்கிறது. இவ்வூரின் பெயரால் 2018இல் வந்த திரைப்படத்தின் வழியாக மட்டும் ஊரை அறிந்தோர் வந்து அவற்றின்முன் படம் எடுத்துக்கொள்கின்றனர். அம்மண்ணிலும் சிறிது பொன் தங்கியிருப்பதால், அதனை மறுபடியும் அரைத்து எடுக்கும் பேச்சு அவ்வப்போது எழுவதுண்டு. அதே நியாயப்படி நாடாவின் ‘பி’ பக்கத்தையும் ஒருமுறை அரைத்துப் பார்க்கலாம். அதற்கான டேப் ரெக்கார்டர் இன்று எந்த வீட்டிலும் எளிதில் அகப்படுவதில்லை. தளர்ந்த நாடாவைச் சுற்றி இறுக்குவதற்கான ஆறுபட்டைப் பென்சில் மட்டும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.