இறக்குமதியாளர்

கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஒருவராவது இவர் இருப்பார். போடியில் என்றால் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதுவார், சின்னமனூரில் வாழைக்காய் மண்டியில் உட்கார்ந்திருப்பார், உத்தமபாளையத்தில் ஓய்வுபெற்ற வாத்தியாராக இருப்பார். இதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. அவருடைய உண்மையான உத்தியோகம் டவுன்லோடு போடுவது. "என்னண்ணே, என்ன பண்றீக?" என்று வழியில் யாராவது கேட்டால், "ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு" என்பார். மோட்டார் ஓடுகிறதா, வட்டி ஓடுகிறதா, வழக்கு ஓடுகிறதா என்று வெளியூர்க்காரர் குழம்புவார். ஓடுவது டோரண்ட்.

இறக்கியதைப் பார்த்தீர்களா என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. "எறக்கவே நேரம் பத்தல, பாக்குறதுக்கு எங்கப்பா நேரம்?" என்பார், மனதார. பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். திறந்தால் 'புதுசு', 'புதுசு 2', 'ரொம்பப் புதுசு', 'இதுதான் புதுசு' என்று ஃபோல்டர்கள். 'இதுதான் புதுசு'க்குள் 2009-இல் வந்த படம் இருக்கும், அதுவும் இடைவேளை வரைதான்.

அவருடைய பொற்காலம் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டு காலம். சில திட்டங்களில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இழுத்தாலும் கணக்கில்லை. அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்தவர்கள் ஊரில் இரண்டே தரப்பு: மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றுகிறவர்கள், அப்புறம் இவர். அவர்கள் எட்டு மணிக்குக் காசோடு திரும்புவார்கள். இவர் 63 சதவீதத்தோடு டீக்கடைக்கு வருவார்.

டீக்கடையில் அவர் நடத்தும் பாடம் தப்பில்லாத பாடம், அதையும் சொல்லிவிட வேண்டும். பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் 2001-இல் எழுதிய முறைதான் டோரண்ட். ஃபைல் ஒரே இடத்திலிருந்து வராது. அதை வைத்திருக்கிற நூறு பேரிடமிருந்து துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்க்க ஓர் எண் உண்டு, பொருந்தாவிட்டால் அதைத் தள்ளிவிட்டு வேறு ஆளிடம் கேட்கும். அரிதான துண்டை முதலில் பிடித்துக்கொள்ளும். இதுவரை சரியாகச் சொல்வார். கொடுக்கிறவனுக்குத்தான் முன்னுரிமை, கொடுக்காதவனைக் காக்க வை என்று கோஹன் ஒரு விதியும் வைத்தார். அந்த இடம் வரும்போது மட்டும் நம்மவர் வடை கேட்பார்.

சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் மகன் ஒரு பொங்கலுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தான். யாரும் கேட்காமலே குடியேறியிருந்த டூல்பார்கள், எந்த மொழியென்றே தெரியாத ஒரு ஆண்டிவைரஸ், தானாகத் திறந்துகொள்ளும் ரம்மி விளம்பரம். டோரண்ட் மென்பொருளோடு சேர்த்து எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, இனி எதையும் நிறுவ முடியாதபடி பாஸ்வேர்டு போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டான். அவன் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டுவதற்குள் அப்பா மாற்று வழியைக் கண்டுபிடித்தார். பிரவுசரிலேயே ஓடுகிற டோரண்ட்! நிறுவ வேண்டியது ஒன்றுமில்லை. பக்கத்தைத் திற, மேக்னட் லிங்க்கை ஒட்டு, ஓடும். வெப்டோரண்ட் என்று அதற்குப் பெயர்.

எளிமைதான், ஆனால் டேபை மூடினால் எல்லாம் நின்றுவிடும். அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம் வந்தது. லேப்டாப்பை மூடக் கூடாது, நகர்த்தக் கூடாது, தூங்கவிடக் கூடாது. சாமி அலமாரிக்குக் கீழே அதற்கு ஒரு ஸ்டூல், மேலே 'தொடாதே' என்று சிவப்பு மையில் ஒரு காகிதம். சரியாக 91 சதவீதத்தில் மகள் வந்து, டி.என்.பி.எஸ்.சி. ஹால் டிக்கெட் எடுக்கக் குறுக்கே கிடந்த டேப்களையெல்லாம் மூடினாள். அன்று அந்த வீட்டில் நடந்ததை எழுதினால் அவளுக்கு வரன் அமையாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. வெப்ஆர்டிசி என்ற வழியில்தான் ஒரு பிரவுசர் இன்னொரு பிரவுசரோடு நேரடியாகப் பேசும்; சாதாரண டோரண்ட் மென்பொருள் பேசும் பாஷை அதற்கு வராது. இரண்டும் தெரிந்த மென்பொருள் எதிர்ப்பக்கம் இருந்தால் ஒழிய, ஆயிரம் பேர் வைத்திருக்கிற ஃபைலுக்கும் இங்கே 'பியர்ஸ்: 0' என்றே காட்டும். நம்மவர் இதை ஒத்துக்கொள்வதில்லை. திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அங்கிட்டு மழை போலருக்கு" என்பார். 99.2-இல் வாரக்கணக்கில் நின்றாலும் அசர மாட்டார். "போடி ரயிலு 2010 கடைசியில நின்னுச்சு. 2023 ஜூன்ல வந்துச்சா இல்லியா? அதுமாரி இதுவும் வரும்" என்பார். வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம்.

காசு கொடுத்துப் பார்க்கலாமே என்றால் கோபம் வந்துவிடும். "ராஜா நம்ம பண்ணைப்புரம், பாரதிராஜா நம்ம அல்லிநகரம். சொந்தக்காரங்ககிட்ட யாராச்சும் டிக்கெட் வாங்குவானாப்பா?" அந்தச் சொந்தம் அவர்களுக்குத் தெரியாது என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை.

சட்டம் அவரை மூன்று முறை நெருங்கியது. 2012-இல் '3' படத்தின் திருட்டுப் பிரதிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. இணைய நிறுவனங்கள் பயந்துபோய் பைரேட் பேயோடு விமியோவையும் சேர்த்து மொத்தமாக மூட, தளத்தையே மூட வேண்டாம், குறிப்பிட்ட இணைப்புகளை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூனில் நீதிமன்றமே விளக்க வேண்டியதாயிற்று. ஆள் யாரென்று தெரியாத இப்படிப்பட்ட வழக்குகளில் எதிரிக்கு 'அசோக் குமார்' என்று பெயர் போடுவது இந்திய வழக்கம். தெருவுக்கு நாலு அசோக் குமார் இருக்கிற தமிழ்நாட்டில், தன் பெயர் அதுவல்ல என்ற ஒரே தைரியத்தில் நம்மவர் தொடர்ந்தார். 2016-இல் தடைசெய்த தளத்தைத் திறந்தால் 3 ஆண்டுச் சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அன்றிரவு மட்டும் எதையும் இறக்காமல் படுத்தார். 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிந்து பரப்பினால் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம் போடலாம் என்றார்கள். பெரிய ஹீரோ படத்தில் 5 சதவீதம் என்றால் எத்தனை ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம் என்று பேப்பரில் கணக்குப் போட்டார். போட்டதும் திருந்திவிட்டார்.

திருந்தினார் என்றால் இறக்குவதை நிறுத்தினார் என்று அர்த்தமில்லை. சட்டப்படி இறக்கக் கூடியது எது என்று தேடினார். உபுண்டு கிடைத்தது. இலவச இயங்குதளம், அதைத் தருகிறவர்களே டோரண்டும் தருகிறார்கள், ஒன்று 5 ஜிபிக்கு மேல். வருஷம் தப்பாமல் ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று வெளிவரும். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழாவுக்குக் கம்பம் நடுகிற சமயத்தில் இவர் வீட்டில் புது உபுண்டு இறங்கிக்கொண்டிருக்கும். "எதுக்கு மாமா இது?" என்று மச்சினன் கேட்டான். "லினக்ஸுடா." "சரி, எதுக்கு?" "சட்டப்படி எறக்கலாம்." இத்தனை உபுண்டு வைத்துக்கொண்டு ஒன்றைக்கூட நிறுவாதவர் தேனி மாவட்டத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். இன்டர்நெட் ஆர்கைவில் கிடக்கும் பழைய புத்தகங்களுக்கும் டோரண்ட் உண்டு என்று சமீபத்தில் யாரோ சொல்லித் தொலைத்திருக்கிறார்கள். பீரோவில் நகைப்பெட்டி இடம் மாறிவிட்டது.

எல்லாம் மன்னிக்கலாம், ஒன்றைத் தவிர. 100 என்று காட்டிய அடுத்த நொடி டேபை மூடிவிடுவார். யாரோ முகம் தெரியாதவர்கள் தங்கள் கரண்டையும் நெட்டையும் செலவழித்துக் கொடுத்த துண்டுகளை வாங்கி முடித்தவர், திருப்பி ஒரு துண்டு கொடுக்க மாட்டார். "நம்ம நெட்டு என்னத்துக்கு ஓடணும்?" இதே மனிதருக்கு உத்தமபாளையம் பக்கம் முக்கால் ஏக்கர் நெல் வயல் இருக்கிறது, கடைமடையில். பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. ஜூனில் தண்ணீர் திறந்ததும் விவசாயிகள் கூட்டத்தில் முதலில் எழுந்து, "மேமடைக்காரன் தான் வயலு நெறஞ்சதும் மடைய அடைச்சுட்டுப் போயிர்றான், கீழ இருக்கவன் மனுசனா இல்லையா?" என்று மைக்கைப் பிடித்துக் கத்துவது இவர்தான். கைதட்டல் அதிரும். ஒருமுறை அந்த வீடியோவை அவர் வீட்டுக்காரம்மா போனில் போட்டுக் காட்டி, "இத ஒங்க லேப்டாப்புகிட்டச் சொல்லுங்க" என்றார். அவர் அதையும் எங்கிருந்து இறக்கினாய் என்றுதான் கேட்டார்.

கூடலூரிலிருந்து தேனி வரை இவரை எங்கே பார்த்தாலும் சண்டை போடாதீர்கள், படம் கேட்காதீர்கள். 100 வந்த பிறகும் ஒரு மணி நேரம் டேபைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். உபுண்டுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும், கீழே எவனோ 99.2-இல் நிற்கிறான்.